தையல் தொழிலாளி கலாவின் மகள்

சென்ற மாதம் நமது சங்கத்தின் செயற்குழு கூடியது. ரேஷன் கார்டு மனுக்கள், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருவது, மழைக்காலத்துக்கு முன் சாக்கடை தூர் எடுக்கக் கோரும் தீர்மானம் எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டன. ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலில் ஒரே ஒரு விண்ணப்பம் மட்டும் இரண்டு மணி நேரத்தை விழுங்கியது.

விண்ணப்பித்தவள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண். தந்தை மூட்டை தூக்குகிறார். தாய் வீட்டிலேயே சட்டைக் காலர் தைத்துக் கொடுக்கிறார். தானே எழுதிய 'ராப்' பாட்டு ஒன்றை விழா மேடையில் பாட வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள். அவ்வளவுதான் விஷயம். "பொம்பளப் பிள்ள மேடையில நின்னு கையை ஆட்டிக் கத்துறதா?" என்றார் ஒருவர். "இது நம்ம பண்பாடா அண்ணாச்சி?" என்று தலைவரைக் கேட்டார் இன்னொருவர். அதே நிகழ்ச்சி நிரலில் எட்டு சினிமாப் பாட்டு நடனங்கள் இருந்தன. அவற்றைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை! சினிமாக்காரன் எழுதிக் கொடுத்த வரிக்கு நம் பிள்ளை இடுப்பை அசைத்தால் அது பண்பாடு. தன் தெருவைப் பற்றித் தானே எழுதிய வரியைச் சொன்னால் அது கத்தல். இது என்ன நியாயம், தோழர்களே?

பிறரைக் குறை சொல்வதற்கு முன் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சென்ற ஆண்டும் இதே பெண் இதே விண்ணப்பத்தைக் கொடுத்தாள். துணைச் செயலாளர் என்ற முறையில் அதைச் சிவப்பு மையால் அடித்தவன் நான்தான். காரணம்கூட எழுதவில்லை. பார்சல் ஆபீசில் முகவரி சரியில்லாத மூட்டையைத் திருப்பி அனுப்புவது போலத் திருப்பி அனுப்பினேன். நாலு நாள் கழித்து அந்தப் பெண் என் வீட்டுக்கே வந்தாள். கோபப்படவில்லை. "மாமா, எம்.ஐ.ஏ. பாட்டு கேட்டிருக்கீங்களா? அவங்களும் நம்ம ஆளுதான்" என்றாள். நான் கேட்டதில்லை. நான் அறிந்த எம்.ஐ.ஏ. இரயில்வே லெட்ஜரில்கூட இல்லை. அந்த ஓர் ஆண்டில் தேடிப் படித்ததையும் பார்த்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த அந்தப் பாடகியின் பெயர் மாதங்கி அருள்பிரகாசம். வீட்டில் மாயா. 1975-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இலண்டன் ஹவுன்ஸ்லோ பகுதியில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. தந்தை பொறியியல் படித்தவர். ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 'அருளர்' என்பது அவரது இயக்கப் பெயர். மேல்நாட்டுப் பத்திரிகைகள் பலவும் அவரைப் புலி என்றே எழுதின. நம்மவர்களிலும் பலர் அப்படியே நம்புகிறார்கள். ஈரோஸ் வேறு, புலிகள் வேறு. ஈழத் தமிழர் இயக்கங்களுக்குள்ளேயே எத்தனை இரத்தம் சிந்தியது என்பதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது சரித்திரமாகாது.

இயக்கத்துக்குப் போன தந்தை வீட்டில் இல்லை. மூன்று பிள்ளைகளையும் தாய் கலாதான் இழுத்துக்கொண்டு திரிந்தார். யாழ்ப்பாணம், பிறகு சில காலம் சென்னை, மீண்டும் யாழ்ப்பாணம். யுத்தம் முற்றியதும் 1986-இல் அகதிகளாக இலண்டன். அப்போது மாயாவுக்குப் பதினொரு வயதுகூட நிறையவில்லை. ஆங்கிலம் தெரியாது. தெற்கு இலண்டனில் மிச்சம் என்ற இடத்தில் ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்னும் நகராட்சிக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. அங்கே ஆசியக் குடும்பங்கள் இரண்டே இரண்டு. நிறத்தைச் சொல்லி ஏசுகிற வெள்ளைக்காரப் பையன்களுக்கு மத்தியில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். 'மதராஸி' என்ற சொல்லை வசவாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கலா தையல் வேலைக்குப் போனார். ஆங்கிலம் தெரியாத அகதிப் பெண்ணுக்கு வேறு என்ன கிடைக்கும்? அவர் தைத்தவற்றில் ஒன்று வேடிக்கையானது. இங்கிலாந்து அரண்மனை ஆண்டுதோறும் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் பதக்கங்களைக் கையால் தைத்து முடிக்கும் வேலை. சுமார் 30 ஆண்டுகள் தன் தாயும் உறவுக்காரப் பெண் ஒருவரும் அந்த வேலையைச் செய்தார்கள் என்று 2019-இல் மாயாவே எழுதினார். எதற்காக எழுதினார் என்றால், அந்த ஆண்டு அதே பதக்கம் அவருக்கே அறிவிக்கப்பட்டது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பெயரால் கொடுக்கும் விருதை அவர் ஏன் வாங்கினார் என்று தோழர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். தாயின் உழைப்பை மதித்தே ஏற்கிறேன் என்பது அவர் சொன்ன பதில். அந்தப் பதில் எனக்கு முழுக்கச் சமாதானம் தரவில்லை. ஆனால் காஜா பட்டன் தைத்துக் கண் மங்கிப்போன பெண்கள் நிறைந்த நமது குடியிருப்பில் உட்கார்ந்துகொண்டு அதைத் தவறு என்று அடித்துச் சொல்லவும் என் நா எழவில்லை.

இனிப் பாட்டு விஷயத்துக்கு வருவோம். ராப் என்பது என்ன? அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் என்ற ஏழைப் பகுதியில் 1970-களில் கறுப்பின இளைஞர்களிடம் பிறந்த கலை. தாளத்தின் மேல் பேச்சை ஓட்டுவது. எதுகை உண்டு, வேகம் உண்டு, இராகம் வேண்டியதில்லை. வில்லுப்பாட்டில் அண்ணாவியார் கதையை ஓட்டும்போது பின்னால் குடம் போட்டுக்கொண்டே இருக்குமே, அதைக் கேட்டு வளர்ந்த திருநெல்வேலிக்காரனுக்கு இது அவ்வளவு அந்நியமாக இருக்கக் கூடாது. வாத்தியம் வாங்கப் பணமில்லாதவன், சங்கீதம் கற்க வாத்தியார் இல்லாதவன் கண்டுபிடித்த கலை இது.

மாயா இதை முதலில் கேட்ட கதையை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வீட்டில் இருந்த ரேடியோ திருட்டுப் போய்விட்டது. இராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி ஒரு தாளம் வந்தது. அதுதான் ராப். ஆங்கிலம் சரியாகப் புரியாத பெண்ணுக்கு அந்தத் தாளமும் கோபமும் புரிந்தன. சொந்த ரேடியோ போனதால் சுவர் வழியே வந்த பாட்டு! நமது சாலில் ஒரு வீட்டுத் தொலைக்காட்சியை நாலு வீடு கேட்கிறதே, அது நினைவுக்கு வந்தது எனக்கு.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 'ஏழைப் பெண் தன் திறமையால் முன்னுக்கு வந்தாள்' என்று இந்தக் கதையைச் சொல்வோர் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். திறமை இருந்தது. அதோடு தலைக்கு மேல் ஒரு நகராட்சிக் கூரை இருந்தது. இலவசப் பள்ளி இருந்தது. அவர் பள்ளியை முடித்த காலத்தில் இங்கிலாந்துக் கல்லூரிகளில் உள்நாட்டு மாணவர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. அந்தக் கட்டணம் 1998-இல்தான் வந்தது. அங்கே தொழிலாளர்கள் பல பத்தாண்டுகள் போராடிப் பெற்ற உரிமைகள் இவை. அந்த உரிமைகள் வழியாகத்தான் ஒரு தையல்காரியின் மகள் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் என்ற பெயர்பெற்ற கலைக் கல்லூரியில் திரைப்படக் கலை படிக்க முடிந்தது. நமது பகுதியில் பத்தாவதோடு நின்றுபோன பெண்களை எண்ணிப் பாருங்கள். அவர்களில் எத்தனை மாயாக்கள் காலர் தைத்துக்கொண்டிருக்கிறார்களோ!

அவர் பாடகியாக ஆசைப்பட்டுக் கிளம்பியவர் அல்லர். ஓவியம் வரைந்தார், ஸ்டென்சில் அட்டை வெட்டிச் சாயம் தெளித்துப் படம் செய்தார். புலி, துப்பாக்கி, பனைமரம் எல்லாம் பளபளப்பான வண்ணத்தில். எலாஸ்டிகா என்ற இங்கிலாந்துப் பாட்டுக் குழு 2000-இல் வெளியிட்ட இசைத்தட்டின் உறைப்படம் அவர் செய்தது. அந்தக் குழு ஊர் ஊராகச் சென்றபோது படம் பிடிக்கக் கூடப் போனார். அந்தப் பயணத்தில் பீச்சஸ் என்ற பாடகி ஒரே ஆளாக மேடையில் நின்று ஒரு சிறு இயந்திரத்தை வைத்துக்கொண்டு முழுக் கச்சேரியையும் நடத்துவதைப் பார்த்தார். ரோலண்ட் கம்பெனியின் எம்.சி.505 என்ற பெட்டி அது. பொத்தானை அழுத்தினால் மத்தளம், இன்னொன்றை அழுத்தினால் அடித்தளச் சுருதி. மேஜை மேல் வைத்து இயக்கலாம். 'நீயும் செய்து பார்' என்று பீச்சஸ் தூண்டினார். எலாஸ்டிகாவின் பாடகியிடம் அந்தப் பெட்டியை இரவல் வாங்கி, வீட்டில் வைத்தே சில பாட்டுக்களைச் செய்தார் மாயா. சங்கீதம் முறையாகக் கற்காதவர். இரவல் பெட்டி. அங்கிருந்துதான் தொடக்கம்.

முதல் பாட்டு 'கலாங்' 2003-இல் ஒரு சிறு கம்பெனி மூலம் வெளிவந்தது. அச்சடித்தது 500 தட்டுக்கள். நமது மாத இதழின் தொடக்க காலப் பிரதிகளே அதைவிட அதிகம்! அந்த ஐந்நூறும் கை மாறிக் கை மாறி நடனக் கூடங்களுக்குப் போய், அடுத்த ஆண்டே எக்ஸ்.எல். என்ற கம்பெனி அவரை ஒப்பந்தம் செய்தது. 2005 மார்ச்சில் முதல் ஆல்பம் வந்தது. பெயர் 'அருளர்'. வீட்டில் இல்லாத தந்தையின் இயக்கப் பெயரையே வைத்தார். எங்காவது இருந்து தந்தை இதைக் கண்டு தொடர்பு கொள்வார் என்ற எண்ணமும் அதில் உண்டு. அவரும் தொடர்பு கொண்டார், பெயரை மாற்று என்று கேட்டு! மகள் மாற்றவில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தின் மெர்குரி பரிசுப் பட்டியலில் அந்த ஆல்பம் இடம் பெற்றது. பரிசு வேறு ஒருவருக்குப் போனது.

இரண்டாவது ஆல்பத்துக்கு 'கலா' என்று பெயர் வைத்தார். தந்தைக்கு முதலிடம், தாய்க்கு இரண்டாமிடமா என்று என் மனைவி கேட்டாள். கேள்வி நியாயம்தான். ஆனால் எந்த ஆல்பம் உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் போனது என்று பாருங்கள். 2006-இல் அமெரிக்கா அவருக்கு விசா மறுத்தது. அங்கே போய்ப் பதிவு செய்ய முடியாததால் இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, ஆஸ்திரேலியா என்று சுற்றினார். சென்னையில் உறுமி மேளக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார். ஒரு பாட்டுக்கு இராமேசுவரத்தில் படம் பிடித்தார். 2007-இல் 'கலா' வந்தது. அதிலிருந்த 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டு 2008-இல் அமெரிக்கப் பட்டியலில் நாலாம் இடம் வரை ஏறியது. குடியேறி வந்தவன் என்றாலே திருடன், கள்ள விசாக்காரன் என்று பார்க்கிற கண்ணைக் கிண்டல் செய்கிற பாட்டு. எந்த நாடு கதவை அடைத்ததோ அந்த நாடு அதற்கே ஆடியது.

உறுமியைப் பற்றி ஒரு வார்த்தை. கொடைவிழாவிலும் சாவு வீட்டிலும் உறுமி அடிப்பவனைத் திண்ணையில் ஏற்றாதவர்கள் நாம். ஊரை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்தும் அந்தப் புத்தி நம்மை விட்டு முழுக்கப் போகவில்லை. நமது விழாவில் நாதஸ்வரத்துக்கு மேடை, உறுமிக்கு வாசல். இலண்டனிலிருந்து வந்த பெண் அதே உறுமியை உலகத்தின் காதில் அடித்தபின் 'தமிழன் வாத்தியம்' என்று மார்தட்டுகிறோம். வெட்கமாக இல்லையா?

அவருடைய தொடக்க காலத்தில் நம் பெண்கள் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 'அருளர்' வெளிவந்து பேர் வாங்கியதும், அதை உண்மையில் உருவாக்கியவர் டிப்ளோ என்ற அமெரிக்க இசைக்காரர்தான் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. அவர் அந்த ஆல்பத்தில் வேலை செய்தது ஒரே ஒரு பாட்டில். மாயாவோ அவரைச் சந்திக்கும் முன்பே பெரும்பாலான வேலையை முடித்திருந்தார். 2007-இல் ஒரு பேட்டியில் மாயா வெளிப்படையாகவே சண்டை போட்டார்: என் வேலையை நான் செய்தேன் என்று ஏன் உங்களால் நம்ப முடியவில்லை? பெண் செய்ததற்கு ஆண் பேர் வாங்குவது இலண்டன் வழக்கம் மட்டுமா? நமது சங்கத்தின் வெள்ள நிவாரணச் சமையலை இராப்பகலாகச் செய்தது யார், மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டது யார் என்பதை நான் இங்கே எழுதினால் அடுத்த செயற்குழுவில் எனக்கு நாற்காலி இருக்காது.

நமது நகரத்தோடு அவருக்கு உள்ள தொடர்பையும் சொல்ல வேண்டும். தாராவியைக் காட்டிய 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில், 2008-இல், ஏ.ஆர். ரகுமானோடு சேர்ந்து அவர் செய்த 'ஓ... சாயா' என்ற பாட்டு இருக்கிறது. ஆஸ்கார் பட்டியலுக்கும் போனது. குடிசைப் பையன்கள் சந்து சந்தாக ஓடும்போது வருகிற பாட்டு அதுதான். அந்தப் படம் வறுமையை விற்றது என்று அப்போது பேசியவர்களில் நானும் ஒருவன். இன்றும் அதில் பாதி உண்மை என்றே நினைக்கிறேன். 2009 பிப்ரவரியில் கிராமி விழா மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் பாடினார்; சில நாளில் பிள்ளை பிறந்தது. அதைப் பார்த்து உலகமே வாய் பிளந்ததாம். நிறைமாதத்தில் மார்க்கெட்டில் கூடை இறக்குகிற பெண்களை நாம் தினம் பார்க்கிறோம். அவர்களைப் பார்த்து யாரும் வாய் பிளப்பதில்லை.

அவரை நான் தலையில் வைத்துக் கொண்டாடச் சொல்லவில்லை. பளபளக்கும் துப்பாக்கிப் படங்களைப் பார்த்தபோது எனக்குச் சங்கடமாகவே இருந்தது. போர் நடந்த மண்ணில் சாவு விழுந்த வீடுகளுக்கு அது அலங்காரமில்லை. 2020-இல் தடுப்பூசிக்கு எதிராக அவர் பேசியதும் எனக்கு உடன்பாடில்லை; கொரோனாவில் எத்தனை பேரைச் சுடுகாட்டுக்கு அனுப்பினோம் என்று நமக்குத் தெரியும். ஆனால் 2009-இல் வன்னியில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து அதைச் சொன்ன பாட்டுக்காரர் அவர். பாட்டுக்காரிக்கு அரசியல் எதற்கு என்று அப்போதும் கேட்டார்கள். அதே கேள்வியின் சின்ன உருவம்தான் நமது செயற்குழுவில் கேட்டது: பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 2018-இல் 'காலா' படம் வந்தபோது அதில் ஒரு பாட்டுக்குத் தாராவி ராப் இளைஞர்களே வரிகள் எழுதினார்கள். நம்ம பையன்கள் என்று அன்று பெருமைப்படாதவர் நமது சங்கத்தில் யார்? பையன் பாடினால் பெருமை. பெண் கேட்டால் பண்பாடு.

அந்தப் பெண் எழுதியதை இந்த முறை வாங்கிப் படித்தேன். பொதுக் கழிப்பிடத்தில் காலை ஐந்து மணிக்கு நிற்கும் வரிசையைப் பற்றி எழுதியிருக்கிறாள். தாயின் தையல் மெஷின் சத்தத்தில் பரீட்சைக்குப் படிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறாள். தமிழும் இந்தியும் மராட்டியும் கலந்த பேச்சு. சில இடங்களில் எதுகை முட்டுகிறது. ஒரு வரியில் நமது சங்கத்தையும் ஒரு குத்துக் குத்தியிருக்கிறாள், மனுவை அடித்த சிவப்பு மையைப் பற்றி. அந்த வரியை எடுக்கச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். சொல்லவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் செயற்குழு மறுபடியும் கூடுகிறது. இந்த விண்ணப்பம் ஓட்டுக்கு விடப்படும். என் ஓட்டு எது என்பதை இதோ எழுதிவிட்டேன். செயற்குழுவில் இருப்பவர் ஒன்பது பேர். அவர்களில் பெண் ஒருவர் மட்டுமே. கூட்டத்துக்குப் பார்வையாளராக வர உறுப்பினர் எவருக்கும் உரிமை உண்டு. தாய்மார்கள் வேலையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்து உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று டியூட்டி முடிந்து வரும்போது அவள் வீட்டுப் பக்கம் போனேன். தாய் மெஷினை நிறுத்தாமலே "வாங்க அண்ணே" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு என்று சொன்னேன். முடிவு எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னேன். பெண் நோட்டிலிருந்து தலை நிமிர்ந்தாள். "அது சரி மாமா, பாஸ் ஆச்சுன்னா எத்தனை நிமிஷம் குடுப்பீங்க?" என்று கேட்டாள்.